லிஃப்ட் மெக்கானிக் இறக்கி வைத்த பதில்

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. என் வாஷிங் மெஷினுக்குள்ள இருந்து உங்க வீட்டுக்காரர் பேசக்கூடாது. அவ்வளவுதான்."

"என்ன பேசினாராம்?"

"என்ன பேசினா என்ன? துணி போடலாம்னு மூடியைத் திறக்கிறேன், உள்ள இருந்து ஆம்பளைக் குரல். அதுவும் இங்கிலீஷ்ல. கையில இருந்த வாளியைக் கால்ல போட்டுக்கிட்டேன். பாருங்க, விரல் எப்படி வீங்கியிருக்குன்னு."

"நீங்க அவர்கிட்ட ஏதாவது கேட்டீங்களா?"

"போன வாரம் கேட்டேன். லிஃப்ட் ஏன் எங்க மாடி வந்தா மட்டும் கதவைத் திறந்து திறந்து மூடுதுன்னு. மனுஷன் வாயே திறக்கல."

"இங்கிலீஷ்லயா கேட்டீங்க?"

"பேங்க்ல இருந்து அப்படியே வந்தேன், வாயில அதுதான் வந்துச்சு. அதுக்கு?"

"அதுக்குத்தான் பதில் வந்திருக்கு. கேட்டீங்க, கிடைச்சிருச்சு. இதுக்குப் போய் வாசல்ல நின்னு கத்துறீங்களே!"

மூன்றாவது மாடி பேங்க் அம்மாவும், தரைத்தளத்தில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கும் மெக்கானிக்கின் மனைவியும் போட்ட இந்தச் சண்டையை எங்கள் குடியிருப்பில் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த எல்லோரும் கேட்டார்கள். கதவுக்குப் பின்னால் ஒரு காலில் ஷூவும் மறு காலில் சாக்ஸுமாக உட்கார்ந்திருந்த லிஃப்ட் மெக்கானிக்கும் கேட்டார். அவர் வெளியே வரவில்லை. வந்தால் பேங்க் அம்மா இன்னொரு கேள்வி கேட்பார், அதற்கான பதில் எங்கே போய் வெடிக்குமோ என்ற பயம்.

விஷயம் இதுதான். தமிழில் கேட்டால் அந்த மனிதர் பட்டென்று பதில் சொல்வார், கூடவே ஒரு கிண்டலும் சேர்த்து. ஆங்கிலத்தில் கேட்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கேட்டவர் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். பிறகு இவர் கிரீஸ் டப்பாவைத் துடைக்கும்போதோ பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போதோ சரியான பதில் மனதில் வந்து சேரும். எல்லோருக்கும் நடப்பதுதான். ஆனால் இவருக்கு அந்தப் பதில் வீணாகப் போவதில்லை. கேட்டவர் எங்கே இருக்கிறாரோ அங்கே, பக்கத்தில் எந்தப் பாத்திரம் காலியாக இருக்கிறதோ அதற்குள்ளிருந்து இவர் குரலிலேயே கேட்டுவிடும். வாளி, பூ ஜாடி, மூடி திறந்த குக்கர், எதுவானாலும் சரி. பேங்க் அம்மாவுக்கு வந்த பதிலும் தவறில்லை. கதவு சென்சார் படுத்துகிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறது. அதை அந்த அம்மாவே பிறகு ஒத்துக்கொண்டார்.

இது தொடங்கியது அவர் வேலை செய்யும் கம்பெனி கைமாறிய வருடம். புதிதாக வந்த இன்ஜினியர் எதைக் கேட்டாலும் ஆங்கிலத்தில்தான் கேட்பார். ஒரு நாள் ஏதோ ஒரு கட்டடத்து லிஃப்ட் பிரேக் விஷயமாகக் கேட்டுவிட்டு, பதில் வராமல் சலித்துப்போய் பைக்கில் கிளம்பினார். மறுநாள் சிக்னலில் ஹெல்மெட்டைக் கழற்றி மாட்டும்போது உள்ளேயிருந்து, 'ஐ ஹாவ் லுக்ட் இன்டு இட், சார்' என்று வந்தது. இன்ஜினியர் வண்டியை ஓரம் கட்டி, ஹெல்மெட்டைக் கையில் பிடித்து, 'ஓகே' என்று அதற்குள் சொல்லிவிட்டுத் திரும்ப மாட்டிக்கொண்டு போனார். எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் மெக்கானிக்கிடம் வேண்டுமென்றே ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு, ஆபீஸ் மேசைக்குப் பக்கத்தில் ஒரு காலித் தண்ணீர் கேனை வைத்துக்கொள்வார். பதில் தெளிவாகக் கேட்குமாம். போனைவிட நல்லது என்பது அவர் கட்சி.

ஒரு சிரமம் மட்டும் உண்டு. பதில் கிளம்பிப் போகும்வரை அது மெக்கானிக்குக்குள் கனக்கும். சாதாரணக் கேள்வி என்றால் சட்டைப்பையில் ஸ்பேனர் கிடக்கிற கனம். கொஞ்சம் பெரிய கேள்வி என்றால் கருவிப் பையை முதுகில் மாட்டியது போல. போனதும் தோள் லேசாகிவிடும். மனைவிக்கு அவர் நடையைப் பார்த்தே தெரியும். "இன்னிக்கு எத்தனை பேருக்குப் பதில் பாக்கி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டே டீயை நீட்டுவாள்.

அவர்களுக்கு ஒரே மகன். தொலைவில் ஒரு பெரிய நகரத்தில் வேலை. அங்கேயே கூட வேலை பார்த்த பெண்ணை ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டான். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. மாமியாருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் மகன் அவளை வீட்டுக்கு அழைத்து வந்த முதல் நாளே இரண்டு பேரும் தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து, துணியைக் காட்டி, அளவு டேப்பைக் காட்டி, பாதி நாள் பேசித் தீர்த்தார்கள். மாமனாருக்குத்தான் பிரச்சினை. அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம் தெரியும். ஒன்றுமே தெரியாதவர்களுக்கு இல்லாத பயம் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு வரும்.

அன்று மாலை மகன் பால் வாங்கக் கடைக்குப் போயிருந்தான். மெக்கானிக்கின் மனைவி உள்ளே இருந்தாள். முன்னறையில் மருமகளும் இவரும் மட்டும். அந்தப் பெண் ரொம்ப நேரம் விரலைப் பிசைந்துவிட்டு, சின்னக் குரலில் கேட்டாள், ஆங்கிலத்தில்தான்: உங்களுக்கு என்னைப் பிடிக்கவில்லையா? கேள்வி அவருக்கு நன்றாகவே புரிந்தது. பதிலும் நெஞ்சு நிறைய இருந்தது. பிடித்திருக்கிறது, ரொம்பப் பிடித்திருக்கிறது, வீட்டுக்குள் நுழைந்ததும் நீ செருப்பை ஓரமாக ஒதுக்கி வைத்தாயே, அப்போதே பிடித்துவிட்டது. ஆனால் வாயில் ஒரு சொல் வரவில்லை. கை சும்மா இருக்காமல் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தது. குனிந்து, ஆடாத நாற்காலியின் காலை முறுக்க ஆரம்பித்தார். மகன் பாலோடு திரும்பும்வரை முறுக்கிக்கொண்டே இருந்தார். மருமகள் அதைப் பார்த்தபடி இருந்தாள். மறுநாள் காலையே இருவரும் கிளம்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு போனில் மகன் அம்மாவிடம் மட்டும் பேசினான். "அப்பா முகத்தைத் திருப்பிக்கிட்டாராம்மா. அவ அழுதுட்டே வந்தா." அம்மா விளக்கினாள், அவனும் மனைவியிடம் சொல்லிப் பார்த்தான். நீ சமாதானத்துக்குச் சொல்கிறாய் என்றாளாம் அவள். அதில் அவளைக் குறை சொல்ல முடியாது. மெக்கானிக்கின் மனைவி அவரிடம், நீங்களே தமிழில் பேசுங்கள், பையன் சொல்லட்டும் என்றாள். "அவ கேட்டது என்கிட்ட. அவ பாஷையில கேட்டா. நான்தான் சொல்லணும்," என்றார் மெக்கானிக். பதில் தயாராகிக்கொண்டிருக்கிறது, எப்படியும் போய்ச் சேர்ந்துவிடும் என்று நம்பினார். எல்லாப் பதிலும் போய்ச் சேர்ந்ததே.

இது சேரவில்லை. வாரங்கள் போயின. அப்போதுதான் அவர் எங்கள் கட்டடத்து மொட்டைமாடி அறையில் நடக்கும் ஆங்கில வகுப்பில் சேர்ந்தார். வகுப்பு எடுத்தது ஹோட்டல் ரிசப்ஷனில் வேலை பார்க்கும் பெண். விடுமுறை நாள் காலையில் தன் யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டே பாடம் நடத்துவாள். தினசரி புழங்கும் சொற்கள், மரபுத்தொடர்கள், பிறகு ஃப்ரேஸல் வெர்ப் என்கிற அந்த ஒட்டு வினைகள். 'லுக்' என்றால் பார். பின்னால் ஒரு 'ஆஃப்டர்' ஒட்டினால் கவனித்துக்கொள், 'ஃபார்' ஒட்டினால் தேடு, 'அப் டு' ஒட்டினால் உயர்வாக நினை. கூடப் படித்த டாக்ஸி டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒரு வண்டிக்கு இத்தனை கியர் எதுக்கும்மா?" என்றார். "நம்மகிட்ட மட்டும் இல்லையாண்ணே? பார்த்துக்கோன்னா ஒண்ணு, பார்த்துடலாம்னா வேற, பார்த்துத் தொலைன்னா வேற," என்றாள் அவள், காலரைத் திருப்பிப் போட்டபடி. டிரைவர், நாம்தான் முதலில் ஆரம்பித்தோம் போலிருக்கிறது என்று சமாதானமானார்.

அந்த வகுப்பில் ஒரே ஒரு விதி. புதிதாகக் கற்றதை அன்றைக்கே யாரிடமாவது செலவு செய்துவிட வேண்டும். டாக்ஸி டிரைவர் இறக்கிவிடுவதற்கு 'டிராப் ஆஃப்' என்று கற்ற அன்றே ஏறியவர்கள் எல்லோரிடமும் சொல்லித் தீர்த்தார். ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்க்கும் அக்கா, மயக்கம் தெளியக் காத்திருந்த ஒரு வெளிநாட்டுக்காரரின் மனைவியிடம், 'ஹி வில் கம் ரவுண்ட்', நினைவு திரும்பிவிடும் என்று சொன்னார். அந்த அம்மா இவர் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் கண் திறக்கும்வரை விடவில்லையாம். வகுப்பில் எல்லோரும் கை தட்டினார்கள்.

லிஃப்ட் மெக்கானிக் மட்டும் எதையும் செலவு செய்யவில்லை. நல்லதாகக் கிடைத்த ஒவ்வொன்றையும் மருமகளுக்கான பதிலில் சேர்த்துக்கொண்டார். கண்ணின் மணி போன்றவள் என்பதற்கு 'ஆப்பிள் ஆஃப் மை ஐ' என்று கற்றார், அதைச் சேர்த்தார். தலைகால் புரியாத சந்தோஷத்துக்கு 'ஓவர் த மூன்'. அடிமனதிலிருந்து சொல்வதற்கு 'ஃப்ரம் த பாட்டம் ஆஃப் மை ஹார்ட்'. இன்பத்திலும் துன்பத்திலும் கூட நிற்பதற்கு 'த்ரூ திக் அண்ட் தின்'. இரண்டு கையையும் விரித்து வரவேற்பது, நடந்ததற்கு ஈடு செய்வது, உயர்வாக மதிப்பது, எல்லாம் உள்ளே போயின. இத்தனை நாள் காக்க வைத்துவிட்டோம், சும்மா இரண்டு வார்த்தை அனுப்பினால் மரியாதையாக இருக்குமா என்று நினைத்தார்.

மற்றவர்களுக்குப் போகும் பதில்கள் வேகமாகிவிட்டன. ஒரு வாரம் எடுத்தது ஒரு நாளில் போனது, பிறகு மதியம் கேட்டதற்கு மாலையில் போனது. பேங்க் அம்மா வாஷிங் மெஷினைத் திறக்கும் முன் மூடியில் தட்டிவிட்டுத் திறக்கப் பழகிக்கொண்டார். மருமகளுக்கான பதில் மட்டும் நகரவில்லை. கனம் ஏறியது. ஒரு நாள் ஆறு பேர் தாராளமாகப் போகும் லிஃப்டில் அவர் தனியாக ஏறினார். ஓவர்லோட் பஸ்ஸர் அடித்தது. கதவு மூடவில்லை. இறங்கினார், நின்றது. ஏறினார், அடித்தது. ஆள் பார்க்க அப்படியேதான் இருந்தார், பெல்ட்டில் ஓட்டைகூட மாறவில்லை. அன்றிலிருந்து எல்லாக் கட்டடங்களிலும் படிக்கட்டு ஏறித்தான் வேலை பார்த்தார். முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டே மனைவி சொன்னாள், "ஜாக்கெட் கேட்டவளுக்குக் கூடாரம் தைச்சுக்கிட்டு இருக்கீங்க." அவருக்கு அது பிடிபடவில்லை.

இன்ஜினியர் கூப்பிட்டுப் பேசினார். கோபம் வந்தால் அவருக்கும் தமிழ்தான். "ஏங்க, லிஃப்ட்ல ஏற முடியாத லிஃப்ட் மெக்கானிக்கை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? ஸ்டோர்ல உக்காருறீங்களா?" மெக்கானிக் கொஞ்சம் அவகாசம் கேட்டார். வேலை போவதைப் பற்றிக்கூட அவர் பெரிதாகக் கவலைப்படவில்லை.

கவலை வேறு பக்கமிருந்து வந்தது. அன்று எங்கள் கட்டடத்து லிஃப்டுக்கு வருடாந்திரச் சோதனை நாள். இரும்பு எடைக் கட்டிகளை லிஃப்டுக்குள் அடுக்குவார்கள். பஸ்ஸர் அடிக்கும்வரை அடுக்கி, பிறகு அது வாயை மூடும்வரை ஒவ்வொன்றாக இறக்குவார்கள். அப்போதுதான் அந்தப் பெட்டி எவ்வளவு தாங்கும் என்று சரியாகத் தெரியும். ஐந்தாவது மாடியில் அவர் இதைச் செய்துகொண்டிருந்தபோது மனைவி படியேறி மூச்சு வாங்க வந்தாள். மகன் போன் செய்திருந்தான். வேலை மாற்றி அவர்களை வேறு தேசத்துக்கே அனுப்புகிறார்களாம். வர வருடக்கணக்காகும். "போறதுக்கு முன்னாடி வந்து பார்த்துட்டுப் போறேங்கிறான். அவன் மட்டும். அவ வரலையாம்."

மெக்கானிக் கடைசிக் கட்டியையும் வெளியே தூக்கி வைத்துவிட்டு, வழக்கம்போல் சரிபார்க்க உள்ளே போய் நின்றார். பஸ்ஸர் அடித்தது. காலிப் பெட்டி, அவர் ஒருவர், காதைக் கிழிக்கிற சத்தம்.

"எல்லாத்தையும் இறக்கியாச்சா?" என்றாள் மனைவி.

"இறக்கியாச்சு."

"அப்புறம் ஏன் கத்துது?"

அவர் அவளைப் பார்த்தார். இரும்பைப் பார்த்தார். முப்பது வருடமாக ஊரில் உள்ளவர்களிடமெல்லாம், சார் ஒருத்தர் இறங்குங்க, இல்லைன்னா யாரும் போக முடியாது என்று சொல்லி வந்த மனிதர் அவர்.

"எதை இறக்குறது?" என்றார்.

"எது பெருசா இருக்கோ அதை."

லிஃப்டுக்குள் வாசலோரம் நின்றபடி, முதலில் 'ஃப்ரம் த பாட்டம் ஆஃப் மை ஹார்ட்' என்பதை வாய்விட்டுச் சொன்னார். அது அவர் வாயிலிருந்தே வந்தது, வெளியே தரையில் எடைக் கட்டி போலத் தொம்மென்று விழுந்தது. பஸ்ஸர் நிற்கவில்லை. 'த்ரூ திக் அண்ட் தின்' இறங்கியது. 'ஆப்பிள் ஆஃப் மை ஐ' இறங்கியது. 'ஓவர் த மூன்' உருண்டு போய்த் தீயணைப்பு வாளிக்குப் பக்கத்தில் நின்றது. மனைவி ஒவ்வொன்றையும் காலால் சுவரோரம் ஒதுக்கினாள், போகிறவர்கள் தடுக்கி விழக்கூடாது என்று. மன்னிப்புகளில் மூன்று வகை வைத்திருந்தார், மூன்றையும் இறக்கினார். மதிப்பது, ஈடு செய்வது, கை விரிப்பது எல்லாம் போயின. ஒரு கட்டத்தில் பஸ்ஸர் நின்றது. ஐந்தாவது மாடி அத்தனை அமைதியாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

"என்ன மிச்சம் இருக்கு?" என்றாள் மனைவி.

உள்ளே தேடிப் பார்த்து அவர் தமிழில் சொன்னார். "நீ காரணமில்லை. எனக்கு இங்கிலீஷ்னா பயம். உன்னைப் பிடிச்சிருக்கு. திரும்பி வா. இவ்வளவுதான் இருக்கு. கடைசியில இருக்கிறது கொஞ்சம் அதிகாரமா இருக்கோ? இறக்கிடட்டுமா?"

"சத்தம் நின்னுருச்சுல்ல? இருக்கட்டும், விடுங்க."

அவளும் உள்ளே ஏறிக்கொண்டாள். கதவு மூடியது. தரைத்தளத்தில் இறங்கியபோது அவர் தோளில் ஒன்றும் இல்லை. ஷூ போட்டிருக்கிறோமா என்று குனிந்து பார்த்துக்கொண்டார்.

அன்று மதியம், அந்தத் தொலைதூர நகரத்தில், மருமகள் தன் ஆபீஸில் டீ போடக் கெட்டிலைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நிமிர்த்தினாள். உள்ளேயிருந்து மாமனாரின் குரல் வந்தது. 'இட் வாஸ் நாட் யூ' என்று தொடங்கி, 'கம் பேக்' என்று முடிந்தது. கெட்டிலைக் காதோடு வைத்துக் கேட்டாள். பக்கத்தில் கோப்பையோடு காத்திருந்தவர் யார் என்று கேட்க, மாமனார் என்று சொல்லிவிட்டு, மூடியைப் போட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தண்ணீர் பிடிக்கப் போனாள்.

சாயங்காலம் மகன் போன் செய்தான். இந்த முறை அப்பாவைக் கேட்டான்.

"அப்பா, கெட்டில்ல பேசினீங்களா?"

"ஆமா."

"சரி. ரெண்டு டிக்கெட்டா போடுறேன்."

வந்தார்கள், ஒரு வாரம் இருந்தார்கள். முன்னறையில் மாமனாரும் மருமகளும் உட்கார்ந்து பேசியதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் ஒன்று சொல்ல நேரமெடுத்துக்கொண்டார், அவள் அவசரப்படாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வராதது பிறகு தம்ளரிலிருந்து வந்தது. பிறகு அவர்கள் வேறு தேசத்துக்குப் போனார்கள். மெக்கானிக்குக்கு வேலை தங்கியது, வகுப்பும் தொடர்ந்தது. இப்போது கற்றதை அன்றைக்கே செலவு செய்துவிடுகிறார். கேட்க ஆள் கிடைக்காத நாளில் செயலாளரின் தண்ணீர் கேனிடம் போய்ச் சொல்லிவிட்டு வருகிறார்.

போன வருடம் ஒரு காலை, அவர் மனைவி புதுப் பட்டன் கொட்டுவதற்காகக் காலி டப்பாவைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், ஒவ்வொரு எழுத்தாக மிதித்து மிதித்து வந்தது: "சாப்பிட்டேன் மாமா." இரண்டு பேரும் கொஞ்சம் யோசித்தார்கள். முதல் தடவை அவள் வாசலில் வந்து நின்றபோது, பயணக் களைப்போடு பையைக்கூட இறக்காதபோது, 'சாப்பிட்டியாம்மா?' என்று வாய் தவறித் தமிழில் மெக்கானிக் கேட்ட கேள்விக்கான பதில் அது. புரியாமல் சிரித்துவிட்டு உள்ளே வந்திருக்கிறாள். "அங்க தமிழ் கிளாஸ் போறா போல," என்றாள் மனைவி. மெக்கானிக் டப்பாவை வாங்கி, "நல்லதும்மா," என்று அதற்குள் சொல்லி மூடி வைத்தார். பட்டனை வேறு டப்பாவில் போட்டுக்கொண்டார்கள்.

ஐந்தாவது மாடியில் இறக்கி வைத்தவை இன்னும் சுவரோரம்தான் இருக்கின்றன. பெருக்குகிற அம்மா அவற்றைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போகிறார். 'த்ரூ திக் அண்ட் தின்'னை நாலாவது மாடிக்குப் புதிதாகக் கல்யாணமாகி வந்த பையன் கேட்டு எடுத்துப் போனான். மூன்று மன்னிப்புகளில் ஒன்றை பேங்க் அம்மா எடுத்தார், யாருக்கு என்று சொல்லவில்லை. மற்றவை மிச்சம். மெக்கானிக்கைக் கேட்டேன், தேவைப்படுகிறவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்றார். ஒன்றுகூடப் புழங்கியதில்லை, எல்லாம் நல்ல நிலையில் இருக்கின்றன. இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது, யாரிடமாவது சொல்லாமல் விட்டது ஏதாவது இருந்தால், எது வேண்டும், யாருக்கு வேண்டும் என்று கீழே பதில் எழுதுங்கள். பக்கத்தில் ஒரு காலிப் பாத்திரம் இருக்கிறதா என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.